தேவாலயத்து உப்பு

பள்ளிவாசலில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு மனிதரைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொன்னேன். அவர் சிலையைக் கும்பிட்டதை என் கண்ணால் கண்டேன் என்றேன். அப்படி எதையும் நான் காணவில்லை. கண்டது அவருடைய முதுகை மட்டும்.

அந்த மனிதர் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர், காசிம் மச்சான்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் இத்தனை வாரங்களாக, மற்றவர்கள் எனக்குச் செய்ததைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் அனுதாபத்தோடு கடிதம் போடுகிறார்கள். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் கூச்சமாக இருக்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். இனியும் இதைத் தள்ளிப்போட முடியாது.

பலா மரத்தடியில்

எசல, அதாவது ஆடி மாதத்துக் காலை. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வயல் வரப்பெல்லாம் சேறு.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து எங்கள் ஊர் மடவளைக்கு வரும் பாதையில், வயலுக்கு அந்தப் பக்கம், தேவாலயம் என்று சிங்களவர்கள் சொல்லும் ஒரு சிறிய கோயில் இருந்தது. ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், தெய்வத்தின் உருவத்தை மறைத்துத் தொங்கும் ஒரு சிவப்புத் திரை. சிங்களவர்கள் அங்கே பூசை வைப்பார்கள். தோட்டத்துத் தமிழர்கள் வந்தால் அதே தெய்வத்தை முருகா என்று கூப்பிட்டுத் தேங்காய் உடைப்பார்கள். இது பற்றி இரண்டு பேருக்கும் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கோட்டு, துருக்கித் தொப்பி, கையில் குடை. பஸ் பிடிக்க நடந்து போகும் வழியில், பாதையோரப் பலா மரத்தடியில் நின்றேன். காசிம் மச்சான் தோளில் உப்பு மூட்டையோடு தேவாலய முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். திரைக்குப் பக்கத்தில் ஒரு வாசல். அதன் முன்னால் நின்றார். குனிந்தார். உள்ளே மறைந்தார்.

அவ்வளவுதான். மூட்டை அவர் தலையை மறைத்திருந்தது. கைகள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியாது. ஈரமான சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் முதுகில் வடிந்து பெனியனை ஒட்ட வைத்திருந்தது. அந்த முதுகு மட்டும் இன்றைக்கும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

உப்பு வந்த வழி

ஒரு முஸ்லிம் ஏன் தேவாலயத்துக்கு உப்புச் சுமக்க வேண்டும் என்று இளைய வாசகர்கள் கேட்கலாம்.

கண்டியை ராஜாக்கள் ஆண்ட காலத்தில் இந்த மலைகளுக்கு உப்பு கடற்கரையிலிருந்துதான் வர வேண்டும். அதைப் பொதிமாடுகளில் ஏற்றிக் காட்டு வழியாகக் கொண்டுவந்தவர்கள் எங்கள் ஆட்கள். அப்படி வந்தவர்களில் சிலருக்குத் தேவாலயங்களின் வயலைப் பயிர்செய்யக் கொடுத்தார்கள். வயலுக்குப் பதிலாக ஒரு கடமை. மச்சானின் குடும்பத்துக்கு விழுந்தது உப்புக் கடமை. திருவிழா தொடங்கும் முன் தெய்வத்தின் மடைப்பள்ளிக்கு உப்புக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை வயல் அவர்களுடையது.

ராஜா போனார், வெள்ளைக்காரன் வந்தான், ரயில் வந்தது, கட்டுகஸ்தோட்டையில் எந்தக் கடையிலும் உப்பு வாங்கலாம் என்றானது. கடமை மட்டும் மாறவில்லை. மச்சான் உப்பைக் கடையில் வாங்கி மாட்டுக் கரத்தையில் ஏற்றி வருவார். முற்றத்திலிருந்து உள்ளே மட்டும் குடும்பத்தின் தலைவர் தோளில் சுமக்க வேண்டும். அதுதான் வழக்கம். அவருடைய வாப்பா சுமந்தார், அவருடைய வாப்பாவும் சுமந்தார். அந்த நாட்களில் ராத்தா மச்சானின் பெனியனைத் தோய்க்கும்போது, "துணியா, கருவாடா" என்று கேலி செய்வாள்.

அந்த வயல் நெல்லைத்தான் அவர்கள் தின்றார்கள். ராத்தா அனுப்பும் அரிசியை நாங்களும் தின்றோம். நானும் தின்றேன்.

தெய்வங்களை எண்ணியவன்

இங்கிலீஷ் படித்த பிறகு, கடல் தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு மத்ரஸாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தேன். ஊரில் எனக்கு மௌலவி மாஸ்டர் என்று பெயர். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எனக்கு மரியாதை மட்டும்தான் கேட்டது.

அங்கே படித்தவற்றில் ஒன்று என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அல்லாஹ்வுக்கு இணைவைப்பது, ஷிர்க். மற்ற எந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு. இணைவைத்த நிலையிலேயே இறந்து மௌத்தானவனுக்கு இல்லை. இதை இன்றைக்கும் நம்புகிறேன். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கிழவன் கடைசிக் காலத்தில் கொள்கை மாறிவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் வணங்குவது ஒருவனைத்தான்.

ஆனால் அந்த வயதில், ஒருவனை வணங்குவதைவிட மற்றவர்கள் யாரை வணங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் கொடி கட்டிய அரச மரம், அப்புறம் இந்தத் தேவாலயம், வளைவில் தோட்டத்து ஆட்கள் மஞ்சள் பூசி வைத்த மாரியம்மன் கல், நகரத்துக்குள் போனால் இன்னும் எத்தனையோ. ஒவ்வொன்றையும் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்குள் ஓதுவேன். அந்தப் பாதையில் போனவர்களில் தெய்வங்களை ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவற்றைக் கும்பிட்டவர்கள்கூட எண்ணியிருக்க மாட்டார்கள்.

அஸருக்குப் பிறகு

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் வழக்குகளைத் தீர்க்கும் மத்திச்சம் ஹாஜியார் நடுவில். தொழுகை நடத்தும் லெப்பை தூணோடு சாய்ந்திருந்தார். பேச்சைத் தொடங்கியவன் நான்.

"சிலைக்கு முன்னால படைக்கிற சோத்துக்கு உப்புக் குடுக்கிறது ஷிர்க்குக்குக் கை குடுக்கிறது. இந்த ஊர்ல ஒருத்தர் வருஷா வருஷம் அதச் செய்றார்" என்றேன்.

மச்சான் கோபப்படவில்லை. "மச்சான், நீ தினமும் பஸ்ஸுக்குக் காசு குடுக்கிற. அந்த பஸ் முதலாளி அதுல மெழுகுதிரி வாங்கி அந்தோனியாருக்குப் பத்த வெக்கிற. அப்ப நீயும் பத்த வெச்ச கணக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது வேற, இது வேற" என்றேன்.

"என்ன வேற? நீ போறது மோட்டர்ல, உப்புப் போறது தோள்ல. அதானே?"

மறுபடி சிரிப்பு. லெப்பையும் சிரித்துவிட்டு, "மாஸ்டர், இது வயலுக்குக் குடுக்கிற குத்தக. குத்தக வேற, வணக்கம் வேற. இவருட வாப்பா இந்தப் பள்ளில பாங்கு சொன்ன மனிசன்" என்றார்.

மத்திச்சம் பேச்சை முடிக்கிற தோரணையில், "கும்பிட்டாத்தான் குத்தம். நீ கும்பிடல்ல தானே, காசிம்?" என்றார்.

"உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கையால கும்பிடுற, ஹாஜியார்? எனக்கென்ன தெய்வத்துக்கு ஈக்கிற மாதிரி ஆறேழு கையா?"

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இரண்டு வருடம் கிதாபு படித்தவன், உப்புச் சுமக்கிறவரிடம் ஊர் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தேன்.

"கும்பிட்டார்" என்றேன். "நான் கண்டேன். ரெண்டு கையும் சேத்து, தலையக் குனிஞ்சு."

சிரிப்பு அப்படியே நின்றது.

மச்சான் என்னையே பார்த்தார். "எங்க நிண்டு கண்ட?"

"பாதைல."

"வல்லாஹியா?"

அல்லாஹ்வின் மேல் ஆணையா என்று கேட்டார். அந்த இடத்திலாவது நான் பின்வாங்கியிருக்கலாம்.

"வல்லாஹி" என்றேன்.

உள்ளே வரச் சொன்னார்கள்

படித்தவன் ஆணையிட்டுச் சொன்ன பிறகு மத்திச்சத்துக்கு வேறு வழியில்லை. சிலையைக் கும்பிட்டவர் மார்க்கமான தீனை விட்டு வெளியே போனவர். வெளியே போனால் நிக்காஹும் முறிந்துபோகும். காசிம் சபையில் விசுவாச வாக்கியமான கலிமாவைச் சொல்லி உள்ளே வர வேண்டும், ராத்தாவோடு மறுபடி நிக்காஹ் செய்ய வேண்டும், அதுவரை அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு.

ராத்தாவுக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து வந்த முதல் பிள்ளை.

"ஒரு வார்த்த தானே, காசிம். சொல்லிட்டுப் போயேன்" என்று மத்திச்சம் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

மச்சான் எழுந்து நின்றார். "சொன்னா, நான் வெளிய போனத ஒத்துக்கொண்ட மாதிரி. என்ட வாப்பாவும் இதே வாசலுக்கு இதே உப்பத்தான் தூக்கினார். அவருட கபுருக்குப் போய் நான் என்னெண்டு ஸலாம் சொல்ற? நான் வெளிய போகல்ல, ஹாஜியார். வெளிய போகாத மனிசன் எப்பிடி உள்ளுக்கு வார?"

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். என்னைக் கடக்கும்போது, "வாறேன், மாஸ்டர்" என்றார்.

அதுவரை அவர் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

அன்று மாலையே ராத்தாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். உம்மா பாயை விரித்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

ஆள் பிடித்துக் கொடுத்தவர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சபாரத்தினம் என்று ஒரு கணக்கு மாஸ்டர். யாழ்ப்பாணத்துச் சைவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வகுப்புக்குப் போக மாட்டார். பல தெய்வங்களை வணங்குவது பற்றி அவரோடு எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். அவர் சளைக்காமல் பதில் சொல்வார். ஒரு நாள் மத்தியானம், ஊரில் நடந்ததை ஒரு வெற்றியைப் போல அவரிடம் சொன்னேன். பொய் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்த மனிசன் தான் கும்பிடேல்லை எண்டு சொல்லுறாரோ?"

"ஓம், சொல்றார்."

"நீர் கும்பிட்டவர் எண்டு சொல்லுறீர்."

"நான் கண்டேனே."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். "மாஸ்டர், எங்கட சாமியைக் கும்பிடுறதெண்டா அந்த மனிசனுக்கும் கொஞ்சம் விருப்பம் இருக்கவேணும். நீர் விருப்பமில்லாத ஆளைப் பிடிச்சு எங்கட பக்கம் தள்ளிவிட்டிருக்கிறீர். உங்கட ஊர்ல எங்களுக்கு ஆள் சேர்க்கிறது நீர் ஒருத்தர்தான் போல கிடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்று மீதி நேரம் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

மச்சான் தினமும் மாலையில் வந்தார். வேலியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வரவில்லை. பப்பாளிப் பழமோ, முருங்கைக்கீரையோ, ஒரு துண்டு மீனோ வேலிக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தடவை இருமிவிட்டுப் போவார். இருமல் கேட்டதும் ராத்தா போய் எடுத்துக்கொண்டு வருவாள். அதற்குள் அவர் திருப்பத்துக்குப் போயிருப்பார். மார்க்கம் பிரித்த இருவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள். பொய் சொன்ன நான் அந்த மீனைத் தின்றேன்.

ஊரில் பேச்சு வளர்ந்தது. பிள்ளை யார் கணக்கில் பிறக்கும் என்று பெண்கள் கிணற்றடியில் கேட்டுக்கொண்டார்கள். காசிமை மையவாடியில் அடக்க விடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார். மச்சானுக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை.

ஒரு நாள் ராத்தா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"தம்பி, நீ பாதைலதானே நிண்ட?"

"ஓம்."

"பலா மரத்துக்கிட்டயா?"

"ஓம், ராத்தா."

"அங்க நிண்டா ஆளுட முதுகுதானே தெரியும். முன்னுக்கு வெச்ச கைய எப்பிடிக் கண்ட?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"மனிசனுக்கு முன்னுக்குப் பின்னுக்கு எல்லாம் ஒண்டாத் தெரியிறது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் எண்டு நீதான் எனக்குச் சொல்லித் தந்த" என்றாள். கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கிதாபை விரித்துவைத்துக்கொண்டேன். எழுத்து எதுவும் தெரியவில்லை.

நின்றுபோன பாங்கு

பிள்ளை ஒரு காலை வேளையில் பிறந்தது. பெண். மருத்துவிச்சி கழுவி, துணியில் சுற்றி, உம்மாவிடம் கொடுத்தா. பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டும். வாப்பா சொல்வதுதான் வழக்கம். வாப்பாவோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அங்கேதான் நின்றார்.

"நீயே சொல்லு" என்று உம்மா பிள்ளையை என் கையில் வைத்தா.

முன் விறாந்தையில், தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்றேன். பிள்ளையின் தலையில் இன்னும் ஈரம். வலது காதருகே குனிந்து, அல்லாஹு அக்பர் என்று தொடங்கினேன். பழக்கத்தில் குரல் பலமாகவே வந்தது.

அடுத்த வார்த்தை அஷ்ஹது. நான் சாட்சி சொல்கிறேன் என்று பொருள். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர யாருமில்லை என்று சாட்சி சொல்கிறேன்.

என் வாய் அந்த வார்த்தைக்குத் திறக்கவில்லை. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. கையில் இருந்த பிள்ளை, என் சாட்சியால் வாப்பா இல்லாமல் கிடக்கிற பிள்ளை. அதன் காதில் நான் விடுகிற முதல் வாக்கியம், நான் சாட்சி சொல்கிறேன் என்பது. உம்மா கதவருகே நின்று என்னைப் பார்த்தா.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் எழுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அஷ்ஹது. அவருடைய வாப்பாவின் குரல் அப்படியே. ஒவ்வொரு வார்த்தையாக, அவசரமில்லாமல், வயல் முழுக்கக் கேட்கும்படி பாங்கு சொன்னார். அக்கம் பக்கத்து வீடுகளில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். நான் பிள்ளையைத் தூக்கி, அதன் காது வேலிப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டேன். அந்தப் பாங்குக்காக நான் செய்தது அது மட்டும்தான்.

ஜும்ஆவுக்குப் பிறகு

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். "காசிம் மச்சான் கும்பிட்டத நான் காணல்ல. நான் கண்டது முதுகு. சபையில தோத்துப்போறேன் எண்டு பொய்ச் சத்தியம் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்திச்சம் தாடியைத் தடவினார். தான் கொடுத்த தீர்ப்பை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவருக்குக் கஷ்டம். "சரி. ஆனா இவ்வளவு தூரம் வந்த பொறகு, ஒரு பேணுதலுக்கு, காசிம் ஒரு தரம் கலிமாவச் சொல்லிட்டா..." என்று இழுத்தார்.

லெப்பை தூணை விட்டு நிமிர்ந்தார். "புள்ளைட பாங்க நீங்க கேக்கல்லயா, ஹாஜியார்? உங்கட ஊட்டுக்கும் கேட்டிருக்குமே. கலிமா அதுக்குள்ளதானே ஈக்கி. அதுக்கு மேல என்னத்தச் சொல்லச் சொல்ற?"

பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிக்கிற அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "நிக்காஹ் முறியல்ல. முறிஞ்சது இவருட சாட்சி. இனி எந்தக் காரியத்துக்கும் இவர சாட்சிக்குக் கூப்பிட வேணாம்."

அன்று மாலை மச்சான் முதல் தடவையாக வேலியைத் தாண்டி வந்து ராத்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். படியில் நின்ற என்னைப் பார்த்து, "வாறேன், மாஸ்டர்" என்றார்.

குனிந்தேன்

அடுத்த எசல மாதம் அவர் வீட்டுக்குப் போய், இந்த முறை உப்பை நான் சுமக்கிறேன் என்று கேட்டேன். ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு தடவை வழக்கத்தை மீற அவர் சம்மதித்தார். கரத்தையில் தானும் ஏறிக்கொண்டார்.

தேவாலய முற்றத்தில் மூட்டையை என் தோளில் ஏற்றிவிட்டு, அவர் நேராகப் போய்ப் பலா மரத்தடியில் நின்றார்.

சாக்கின் ஈரம் கழுத்தில் எரிந்தது. நான் நினைத்ததைவிடக் கனம். சிவப்புத் திரையைக் கடக்கும்போது என் வாய் தன்னால் ஓதியது. திரைக்குப் பக்கத்து வாசல் சேமிப்பறைக்குப் போகிற வாசல். தேவாலயப் பூசகரான கப்புராளை அங்கே நின்றார்.

"மெதுவா, மாஸ்டர் மஹத்தயா" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "நிலை தாழ்வு. ராஜா காலத்து மனிசன் எல்லாம் கட்டை போல. தலை அடிபடும்."

குனிந்தேன். குனியாமல் யாரும் அந்த வாசலுக்குள் போக முடியாது. உள்ளே மஞ்சள் வாசமும் பழைய நெல்லின் வாசமும். ஒரு மரப்பெட்டியில் உப்பைக் கொட்டிவிட்டு, மறுபடி குனிந்து வெளியே வந்தேன்.

மச்சான் மரத்தடியிலேயே நின்றார். பக்கத்தில் போனதும் சொன்னார். "மாஸ்டர் குனிஞ்சீங்க. நான் கண்டேன்."

"ஓம்."

"குனியக்கொள்ள மனசுல என்ன நெனச்சீங்க?"

"தல இடிக்கும் எண்டு நெனச்சேன்."

"நானும் அதத்தான் நெனச்ச" என்றார். வெறும் சாக்கை என் கையிலிருந்து வாங்கி உதறி மடித்துக்கொண்டு கரத்தைக்கு நடந்தார்.

அதற்கு அடுத்த வருடம் மறுபடி அவரே சுமந்தார். சாகும்வரை சுமந்தார்.

சோற்றுப் பானை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும். நான் பொய் சொன்னேன் என்று சபையில் சொன்னதை ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது. நான் சொன்ன பொய்யை மறக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் ராத்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு இடம் பேசி முடிந்த பிறகு திரும்பிப் போய்விட்டது. நிக்காஹ் முறிந்திருந்த காலத்துப் பிள்ளை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ராத்தா அதை என்னிடம் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னா.

பிறகு மடவளையிலேயே ஒரு நல்ல இடம் அமைந்தது. நிக்காஹ் அன்று பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பழைய லெப்பை மௌத்தாகி, வெளியூரிலிருந்து புது லெப்பை வந்திருந்தார். அவருக்குப் பழைய கதை தெரியாது. "ரெண்டு சாட்சி வேணும். பொண்ணுட மாமா மாஸ்டர் ஈக்கிறாரே, படிச்சவர். அவரப் போடலாமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பழைய ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். நான் எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இருந்தேன்.

மச்சான் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து திரும்பினார். அவருக்குத் தாடி நரைத்திருந்தது.

"சாட்சிக்கு வேற ஆள் ஈக்கி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் கூப்பிட்ட அதே குரலில், "மச்சான், நீ எழும்பிப் போய்ச் சோத்துக்கு உப்புப் பாரு" என்றார்.

எழுந்து போனேன். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் பெரிய பானை. சமையற்காரர் மூடியைத் திறந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது. ஊதி, வாயில் போட்டு, மென்று பார்த்தேன்.

உப்பு சரியாக இருந்தது. திரும்பிப் போய் மச்சானிடம் அப்படியே சொன்னேன்.